தரையில் குந்தி அழ

முட்டி மாற்று ஆபரேஷன் செய்துகொண்டால் வலி போய்விடும் என்று டாக்டர் சொல்லி முடித்ததும் அத்தை கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "சாவு வூட்டுல தரையில குந்தலாமாங்க?"

டாக்டருக்குப் புரியவில்லை. இளவயசு, வேறு ஊர்க்காரர். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். துணைக்குப் போயிருந்த நான்தான் விளக்கிச் சொன்னேன். எங்கள் பக்கம் யாராவது இறந்துபோனால் பெண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு அழுவார்கள், அதைத்தான் கேட்கிறார் என்றேன். அவர் சிரித்துவிட்டார். "மாத்தின முட்டியோட சம்மணம் போடக் கூடாது, குத்த வைக்கவும் கூடாதும்மா. எங்க போனாலும் ஒரு சேர் கேளுங்க, போடுவாங்க."

"அப்ப வேணாங்க" என்று சொல்லி அத்தை எழுந்தாள்.

எழுந்தாள் என்று சுலபமாக எழுதிவிட்டேன். மேசை விளிம்பில் ஒரு கை, என் தோளில் ஒரு கை, பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்து, பாதி எழுந்து அப்படியே கொஞ்ச நேரம் வளைந்து நின்று, பிறகுதான் நிமிர முடியும். அந்தப் பாதியில் நிற்கும்போது அவள் முகத்தை நான் பார்க்க மாட்டேன். பார்த்தால் அவளுக்குப் பிடிக்காது.

எனக்கு அவள் சொந்த அத்தை இல்லை. நைனார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளை அத்தை என்றுதான் கூப்பிட்டேன். எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் அவளுக்கு நான் பாப்பாதான். கள்ளக்குறிச்சியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். அதனால் தெருவில் யாருக்குத் தலைவலி வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். எனக்குத் தெரிந்தது மாத்திரையின் பெயர் மட்டும்தான் என்று எத்தனை முறை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை.

தெருவில் யார் செத்தாலும் முதலில் போய் உட்காருபவள் அத்தை. சண்டைக்காரி வீடு, பேச்சுவார்த்தை இல்லாத வீடு என்றெல்லாம் பார்க்க மாட்டாள். வரப்புத் தகராறில் இவளைத் தெருவில் நிறுத்தி வாய்க்கு வந்தபடி ஏசிய ஒருத்தி இருந்தாள். அவள் செத்தபோதும் தலைமாட்டில் அத்தைதான் இருந்தாள். வாசல் வரைக்கும் காலை அகட்டிக் கவட்டி நடையில் ஆடி ஆடிப் போவாள். உள்ளே நுழைந்ததும் ஜன்னல் கம்பியையோ கதவு நிலையையோ ஒரு கையால் பிடித்துக்கொள்வாள். இடது காலை முன்னால் நீட்டி, வலது கையைத் தரையில் ஊன்றி, உடம்பை ஒரு பக்கமாகச் சரித்து இறக்குவாள். வலது முட்டியில்தான் வலி ஜாஸ்தி. அது மடங்கும்போது மணல் அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டவர்களுக்கு அழுகை ஒரு நொடி நின்றுபோகும். பிறகு அத்தை பக்கத்தில் இருப்பவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டால் ஒப்பாரி மறுபடி தூக்கும்.

பிணம் எடுத்த பிறகு எழுப்புவதுதான் பெரிய வேலை. இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். "மெதுவாடி, மெதுவா, நான் இன்னும் சாவல" என்பாள். சாவு வீடு என்பதையும் மறந்து எல்லோரும் சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்து அன்று முழுக்கச் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக் கிடப்பாள். முட்டி இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருக்கும். நான் சுடுதண்ணீர்ப் பையை வைத்துவிட்டுத் திட்டுவேன்.

"இப்படி ஒரு வாட்டி குந்தி எழுந்தா பத்து நாளு வலிக்குது. எதுக்கு அத்தை? எத்தனை பேரு சேர்ல உக்காந்து பாத்துட்டுப் போறாங்க."

"சேர்ல குந்தினா அழுவ வராதுடி."

"கண்ணுல வர்றதுக்கும் முட்டிக்கும் இன்னா சம்பந்தம்?"

"இருக்குது. உனக்குத் தெரியாது. சேர்ல குந்துறவ கல்யாணத்துக்கு வந்தவ மாதிரி. எப்ப பஸ்ஸுன்னுதான் நெனப்பா. வட்டத்துல குந்தினா பக்கத்துல இருக்கிறவ முட்டி நம்ம முட்டிய அழுத்தும். அவ அழுவுறப்ப அந்த நடுக்கம் நமக்கு வரும். அப்பதான் நெஞ்சு தொறக்கும்."

நான் எதிர்த்துப் பேசுவேன். இப்போதெல்லாம் பிணமே ஐஸ் பெட்டியில் உயரத்தில்தானே இருக்கிறது என்பேன். "அது பொட்டி. அழுவுறவளுங்க கீழதான குந்தியிருக்காளுங்க? அவளுங்க தல மேல நான் மூஞ்ச வெச்சிக்கினு இன்னா பண்றது?" என்று கேட்பாள்.

ஆபரேஷனுக்கு அவள் பயந்தாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அது பொய். கத்திக்குப் பயப்படுகிற ஆள் இல்லை அவள். இன்சூரன்ஸ் அட்டை இருந்தது. ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் மகன் போன் செய்யும்போதெல்லாம் பண்ணிக்கொள் பண்ணிக்கொள் என்று நச்சரித்தான். அவள் மறுத்ததற்குக் காரணம் ஒருத்திதான். மலைமேல் வெள்ளிமலையில் இருந்த அவளுடைய அக்கா.

அக்காவைக் கொடுத்திருந்தது அங்கே மளிகைக்கடை வைத்திருந்தவருக்கு. கடைசி ஆண்டுகளில் அந்த அக்கா ஒரு பக்கம் கை கால் வராமல் படுக்கையில் கிடந்தாள். அத்தைக்குக் கொஞ்சம் நடக்க முடிகிற நாளெல்லாம் கள்ளக்குறிச்சி போய், கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறுகிற பஸ்ஸைப் பிடித்துவிடுவாள். அந்தப் பஸ்ஸின் முதல் படி அவள் முட்டிக்கு மேலே இருக்கும். கம்பியை இரண்டு கையாலும் பிடித்து உடம்பையே மூட்டை மாதிரி மேலே இழுத்துப் போட வேண்டும். கண்டக்டர் விசில் வாயில் வைத்தபடி காத்திருப்பார். "ஏறும்மா, ஏறு, மலைக்கு நடந்தே போயிருக்கலாம் போல" என்று ஒருநாள் ஒருவர் சொன்னாராம். "போயிருப்பம்பா, நல்ல கால வூட்டுலயே உட்டுட்டு வந்துட்டேன்" என்று இவள் பதில் சொன்னாளாம். இதைத் திரும்பி வந்து என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

பொடி சமாச்சாரத்தையும் சொல்ல வேண்டும். சின்னசேலம் பக்கம் ஒரு சந்தையில் வேனில் மைக் கட்டி மூட்டுவலிக்கு ஒரு பொடி விற்றார்கள். பொட்டலத்தில் பெயர் இல்லை, ஊர் இல்லை. அத்தை வாங்கிச் சாப்பிட்டாள். ஒரு வாரத்தில் வலி பறந்துவிட்டது. என் வீட்டு வாசலில் வந்து நின்று, "பாப்பா, இங்க பாரு" என்று எதையும் பிடிக்காமல் சடாரென்று குந்தி, சடாரென்று எழுந்து காட்டினாள். அந்தக் கொஞ்ச காலம் அவளைப் பிடிக்க முடியவில்லை. பக்கத்து ஊர்ச் சாவுக்கெல்லாம் போய் வந்தாள். முகம் உப்பி உருண்டையானது. "சத புடிச்சிருக்கேன், பாத்தியா?" என்று கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். அந்த உப்பிய முகத்தை, கண்ட மருந்தையும் தின்றுவிட்டுக் கடைக்கு வருகிறவர்களிடம் நான் பார்த்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். சர்க்கரை எகிறிக் கிடந்தது. பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து என்று டாக்டர் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். வலி முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது. அவள் அழவில்லை. "நல்லாத்தான் இருந்தேன், கெடுத்துட்ட" என்று என்னைத் திட்டினாள். பல நாள் என்னோடு பேசவே இல்லை. எனக்கும் கோபம்தான். ஆனால் அவள் அப்படிக் குந்தி எழுந்து காட்டியபோது முகத்தில் இருந்த சந்தோஷம் நினைவுக்கு வந்தால் கோபம் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் செய்ததைப் பார்த்திருந்தால் யாரும் அவளைப் பிடிவாதக்காரி என்று மட்டும் சொல்லிவிட மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி அறையில் சொல்லிக் கொடுத்ததை விடாமல் செய்தாள். துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து அழுத்துவாள். காலை நேராகத் தூக்கி அந்தரத்தில் நிறுத்துவாள். கணுக்காலில் கட்டிக்கொள்ளக் கனம் வேண்டும் என்றார்கள். செத்துப்போன புருஷனின் சட்டைக் கையை வெட்டி மணல் அடைத்துத் தைத்துக்கொண்டாள். "உசுரோட இருக்கிறப்ப ஒரு வேலைக்கு ஒதவல, இப்பவாச்சும் கனமா இருக்கட்டும்" என்றாள். ராத்திரிச் சோற்றை விட்டாள். உடம்பு இளைத்தது. வலிக்கிற முட்டிக்கு எதிர்ப்பக்கக் கையில் கோல் பிடிக்க வேண்டும் என்று சொன்னதை மட்டும் அவள் நம்பவில்லை. வலி இந்தப் பக்கம் இருக்கக் கோல் எதற்கு அந்தப் பக்கம் என்று கேட்டாள். வீட்டுக்குள் ஒரு நாள் மாற்றிப் பிடித்து நடந்து பார்த்துவிட்டு, "அட, ஆமா" என்றாள். ஆனால் தெருவில் கோலை எடுக்கவே மாட்டாள்.

இவ்வளவும் எதற்கு? நடக்க வேண்டும், வேலை செய்ய வேண்டும் என்பதற்கு அல்ல. குந்துவதற்கு. சொல்லிக் கொடுத்தவர்கள் தரையில் உட்காராதே என்றுதான் அத்தனையும் சொன்னார்கள். இவள் அந்தப் பலத்தை எல்லாம் சேர்த்து வைத்துத் தரையில் உட்காரப் பழகினாள். கட்டிலிலிருந்து முக்காலிக்கு, முக்காலியிலிருந்து மடித்துப் போட்ட சாக்குக்கு, சாக்கிலிருந்து தரைக்கு. ஜன்னல் கம்பியைப் பிடித்து அவள் இறங்கி ஏறுவதை ஒருநாள் பார்த்துவிட்டு, "யாருக்கு அத்தை இப்பிடி?" என்று கேட்டேன்.

அன்றைக்குத்தான் சொன்னாள். அவள் புருஷன் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போன டிராக்டர் கவிழ்ந்து செத்தவர். மகன் அப்போது கைக்குழந்தை. உடம்பைக் கொண்டுவந்து போட்டபோது இவளுக்கு அழுகையே வரவில்லையாம். சுற்றி அத்தனை பெண்களும் அழ, இவள் மட்டும் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள். அழாவிட்டால் மூளை கலங்கிவிடும் என்று யாரோ கன்னத்தில்கூட அறைந்திருக்கிறார்கள். அப்போது மலையிலிருந்து அக்கா வந்தாள். ஒப்பாரி வைக்கவில்லை. கூட்டத்தை விலக்கி எதிரில் குந்தி, தன் இரண்டு முட்டியையும் இவள் முட்டியோடு ஒட்டி வைத்து அழுத்திக்கொண்டாள்.

"ரொம்ப நேரம் அப்பிடியே இருந்தாடி. ஒரு கட்டத்துல அவ முட்டி நடுங்குச்சு. அவ்ளோதான், எனக்கு ஒடஞ்சிடுச்சு. அவ மட்டும் வரலன்னா நான் பைத்தியமா திரிஞ்சிருப்பேன்." முட்டியைத் தடவிக்கொண்டாள். "அவளுக்கு நான் குந்தணும். அவ பொண்ணு எதிர்ல குந்தணும். அந்த ஒரு நாளுக்கு இந்தக் காலு மடங்கினா போதும். அப்பறம் வெட்டிப் போடட்டும்."

அக்கா ஒரு மழைக்காலத்தில் செத்தாள். காலையில் செய்தி வந்தது. நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அத்தையோடு போனேன். வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் அவள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை மடக்குவதும் நீட்டுவதுமாக இருந்தாள். கால் விறைத்துவிடக் கூடாதே என்று.

வெள்ளிமலையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. குளிர். அக்கா வீடு ரோட்டுக்கு மேலே மேட்டில் இருந்தது. சேறும் கல்லுமான படிகள். ஏறி முடிப்பதற்குள் வலது முட்டி வீங்கிவிட்டது. எனக்குத் தெரிந்தது. அவள் நிற்கவில்லை.

உள்ளே நடுவில் ஐஸ் பெட்டி உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. சின்ன அறை. பெட்டியைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் பெட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தது. கதவு நிலையைப் பிடித்து இறங்க வழி இல்லை, வாசலில் ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். பிடிக்க எதுவும் இல்லை. அவள் என் கையைப் பிடித்தாள். ஈரத் தரையில் இடது காலை நீட்டினாள். வலது முட்டி பாதி மடங்கியது. அதற்கு மேல் மடங்கவில்லை. பூட்டிக்கொண்டது. கீழேயும் போக முடியவில்லை, மேலேயும் வர முடியவில்லை. என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

அதற்குள் அக்கா மகன் பார்த்துவிட்டான். நல்ல பையன், சித்தி என்றால் உயிர். வெளியே பந்தலிலிருந்து ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தான். "சித்திக்கு முட்டி முடியாது, கொஞ்சம் நகுருங்க" என்று தலைமாட்டில் போட்டு, பின்னாலிருந்து அவளைத் தூக்கி உட்காரவைத்தான்.

உட்கார்ந்தாள். எல்லாத் தலைகளுக்கும் மேலே அவள் தலை. அழுகிற பெண்கள் அண்ணாந்து அவளைப் பார்த்தார்கள். கட்டிக்கொள்ள முயன்ற ஒருத்தி கழுத்து எட்டாமல் இவள் இடுப்பைப் பிடித்துவிட்டு விலகிக்கொண்டாள். அத்தை கண்ணாடிக்குள் இருந்த அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்திருந்தாள். "கூடப் பொறந்தவ, கல்லாட்டம் குந்தியிருக்கிறத பாரு" என்று யாரோ பின்னால் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும்.

மதியத்துக்கு மேல்தான் அக்காவின் மகள் பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்தாள். படியிலிருந்தே அலறிக்கொண்டு வந்தாள். அம்மாவின் பெட்டியில் ஒருதரம் விழுந்தாள். பிறகு நிமிர்ந்து நாற்காலியில் இருந்த அத்தையைப் பார்த்து, "சித்தி, எங்கம்மா போயிட்டாளே" என்று ஓடிவந்து, இரண்டு காலையும் சேர்த்து இறுகக் கட்டிக்கொண்டு, வலது முட்டிமேல் தலையை மோதினாள்.

அத்தை வீறிட்டாள். அப்படி ஒரு குரலை நான் எந்தச் சாவிலும் கேட்டதில்லை. ஓய்ந்துபோயிருந்த வீடே மறுபடி கிளம்பியது. வெளியே பந்தலில் இருந்த ஆண்கள் எழுந்து நின்றார்கள். அந்தப் பெண் விடவில்லை. முட்டியில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்து அழுதாள். அத்தை நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கத்திக் கத்தி அழுதாள். முன்பு முணுமுணுத்த அதே குரல், "உள்ளேயே அடக்கி வெச்சிருந்திருக்கிறா பாவம், பொறந்தவன்னா இப்பிடி இருக்கணும்" என்றது. கடைசியில் அழுதுவிட்டாளே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

எடுத்து முடித்ததும் பஸ் ஏறினோம். அக்கா மகன்தான் தூக்கி ஏற்றிவிட்டான். அத்தை வலது காலை நடைவழியில் நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். "கால மடக்கும்மா, ஆளுங்க போவணும்" என்றார் கண்டக்டர். "மடங்கலப்பா" என்றாள். அவர் அந்தக் காலைத் தாண்டிப் போனார்.

மலை பாதி இறங்கிய பிறகு பேசினாள்.

"எல்லாரும் சொன்னாங்களே, கேட்டியா?"

"கேட்டேன் அத்தை."

"அது அக்காவுக்கு அழுததுல்லடி. முட்டிக்கு அழுதது."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"அந்தப் பொண்ணு தலைய வெச்சி மோதினா பாரு, உசுரு போச்சு. வலி தாங்காம கத்திட்டேன். அக்கா நெனப்பே இல்ல அப்ப. விடுடின்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன்."

"அப்பறம் ரொம்ப நேரம் அழுதீங்களே அத்தை?"

"கத்திட்டு நிறுத்தினா இன்னா நெனப்பாங்க? அழுதுக்கினே இருந்தேன். எல்லாம் இந்த முட்டிக்குத்தான்." வெளியே பார்த்தாள். "அவளுக்கு நான் அழுவல. எடுத்துக்கினு போயிட்டாங்க."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது? காரியத்துக்கு இன்னொரு தரம் வரலாம், அப்போது கூட்டம் கம்மியாக இருக்கும், நிதானமாக உட்காரலாம் என்று சொன்னேன். சொல்லும்போதே அது ஒன்றுக்கும் உதவாத பேச்சு என்று எனக்குத் தெரிந்தது.

கச்சிராயபாளையம் தாண்டியதும் மழை வலுத்தது. ஜன்னலை இழுத்து மூடினேன். ஊர் நெருங்கும்போது என் பக்கம் திரும்பினாள். முகம் சாதாரணமாக இருந்தது, கடைத்தெருவில் காய் வாங்குகிறபோது இருக்கிற மாதிரி.

"மொத மொத பாத்தமே, அந்தச் சின்ன வயசு டாக்டரு, இன்னும் இங்கதான் இருக்கானா?"

"இருக்காரு. ஏன் அத்தை?"

"ஆபரேஷனுக்கு எழுதிக்கச் சொல்லு. ரெண்டு காலையும் பண்ணட்டும்."

இத்தனை வருஷம் நான் கெஞ்சியது இதற்குத்தான். அன்றைக்கு அதைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது என்ன அவசரம், வீக்கம் வடியட்டும், யோசித்துச் சொல்லலாம் என்றேன்.

"யோசிக்க இன்னாடி இருக்குது? இனிமே நான் யாருக்குக் கால மடக்கணும்?" என்றாள்.